கூரைக்குக் கீழே ஒரு வரலாறு



வீட்டு உட்கூரைக்குச் சொரசொரப்பான அலங்காரச் சாயம் பூசும் ஆசை இன்று பலருக்கு உண்டு. ஆயின் சிலியாவ், லின்சம் போன்ற தோட்டங்கள் நிறைந்த நெகிரி செம்பிலானில், நம் முன்னோர் வாழ்ந்த பழைய லயங்களில் பெரும்பாலும் உட்கூரையே இல்லை. மேலே அத்தாப்பு, பின்னர் தகரம். இடைச்சுவரும் கூரையைத் தொடாததால் ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டில் கேட்டது. சுவருக்குச் சுண்ணாம்பே சாயம். அழகு மட்டுமன்று, அதன் காரத்தன்மை கிருமிகளையும் ஒடுக்கியது.

தொழிலாளர் வீட்டுவசதிக்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது. 1990-இல் 446ஆம் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பிற்கால வீடுகளில் உட்கூரைப் பலகைகள் ஏறின. அக்காலப் பலகைகள் சிலவற்றில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருந்தது. பிரிட்டனில் அலங்காரப் பூச்சிலேயே அது கலக்கப்பட்டது; 1999-இல்தான் அங்கு முழுத்தடை வந்தது.

ஆகவே பழைய வீட்டிலோ பள்ளியிலோ சாயம் பூசுமுன் உட்கூரையைச் சுரண்டாதீர், துளையிடாதீர். பறக்கும் இழைகள் நுரையீரலில் தங்கி, பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். பலகையின் வயதையும் வகையையும் அறிந்தோரிடம் கேட்டபின்பே தூரிகையை எடுப்போம். லயத்தின் வரலாற்றை மாணவருக்குச் சொல்லும்போது, அதன் கூரையையும் சேர்த்தே சொல்வோம்.