இடம் மாறிய கற்கள்

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-ல் திறக்கப்பட்டது. அதன் வெளிமுற்றத்தில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களில் ஒன்று எலிசபெத் பேக்கருடையது, ஆண்டு 1652. தேவாலயத்தைவிட 28 ஆண்டு மூத்த கல் அதன் வாசலுக்கு எப்படி வந்தது? இன்று சட்டக் கல்லூரி இருக்கும் இடம்தான் அன்று ஆங்கிலேயரின் இடுகாடு. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது அங்கிருந்த உயரமான கல்லறைகள் எதிரிக்கு நல்ல மறைப்பாயின. முற்றுகை விலகியதும் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். ஹைதர் அலிக்கு அஞ்சிய 1782-ல் பீரங்கி நிறுத்துவதற்காக அந்தக் கற்களையும் பெயர்த்து, பிறகு மறுபடி பாவினார்கள். ஆகவே முன்னோரைத் தேடி வருபவருக்கு முற்றத்துக் கல் பெயரைச் சொல்லும். புதைத்த இடத்தைச் சொல்லாது. தேவாலயத்துக்குள்ளே கதை தலைகீழ்: 1827-ல் இறந்து குத்தி (Gooty) என்னும் ஊரில் அடக்கமான ஆளுநர் தாமஸ் மன்றோவின் உடலே 1831-ல் இங்கே வந்து சேர்ந்தது.

அப்படியானால் நம்ப வேண்டியது தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டை. கல் நாட்ட வசதியில்லாதவர்களும் அதில் இருப்பார்கள். 1698 முதலான மதராஸ் பதிவுகளின் படிகள் லண்டனிலும் உள்ளன. பதிவேட்டில் பெயரும் தேதியும்தானே இருக்கும், இடம் எங்கே என்று கேட்கலாம். தேதியே இடத்துக்கு வழிகாட்டும். முற்றுகைக்கு முந்தைய அடக்கம் என்றால் முதலில் பழைய இடுகாட்டை நினைக்க வேண்டும். 1760-களுக்குப் பிந்தையது என்றால் தீவுத்திடல் பக்கத்துப் புது இடுகாட்டை. எலிசபெத் பேக்கர் காலத்துக்குப் பதிவேடே இல்லையே என்பது இன்னும் வலுவான கேள்வி. அங்கே கல்லைத்தான் நம்பியாக வேண்டும். ஆனால் அதைக் கல்லறையாக அல்ல, பதிவேட்டிலிருந்து கிழிந்து வந்த ஒரு பக்கமாகப் படிக்க வேண்டும்.

தேதியை இடத்தோடு பொருத்த, பழைய இடுகாடு எங்கே இருந்தது என்பதற்குத் தரையில் ஓர் அடையாளம் வேண்டும். ஆளுநர் எலிஹு யேலின் மகன் டேவிட்டும் ஜோசப் ஹின்மர்ஸும் அடக்கமான கல்லறை, அன்று இடிபடாமல் மிஞ்சிய அப்படியோர் அடையாளம். வாகன நிறுத்தத்துக்கு இடையூறு என்ற வழக்கில், 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை இடம் மாற்றச் சொன்னார். சேதமில்லாமல் பெயர்த்து வேறிடத்தில் நிறுத்திவிட முடியும் என்பது சரிதான். ஆனால் அந்தக் கல்லறை சொல்லும் முக்கியமான செய்தி அது நிற்கும் இடம். பெயர்த்த மறுநாளே அதுவும் மேரி கோயில் முற்றத்துக் கற்களைப் போல ஆகிவிடும்: பெயர் இருக்கும், இடம் இருக்காது.