பசங்களுக்கு ஏணி, வாத்தியாருக்கும் ஏணி

சுதந்திர தின அணிவகுப்பில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நிற்கிற சாரணர் பசங்களை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்தச் சட்டையில் இருக்கிற சின்னம் எப்படிக் கிடைக்குது, சொல்லித்தருகிற ஆசிரியருக்கு யார் சொல்லித்தந்தாங்க என்பதற்கு நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கு.

1907 ஆகஸ்டில் பேடன் பவல் என்கிற ராணுவ அதிகாரி, சுமார் 20 பசங்களைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் முகாம் போட்டார். வசதியான வீட்டுப் பையன், கூலிக்காரர் வீட்டுப் பையன் எல்லாரையும் கலந்து சின்னச் சின்ன அணியாகப் பிரிச்சார். அணித்தலைவனும் பசங்கள்ல ஒருத்தன்தான். 1908-ல் அவர் எழுதிய புத்தகம் வந்ததும், ஊரூருக்குப் பசங்க தாங்களாகவே குழு சேர்ந்து, "எங்களுக்குத் தலைமை தாங்க வாங்க"ன்னு பெரியவங்களைத் தேடிப் போனாங்க.

பசங்களுக்குப் படிகள் இருந்தது. டெண்டர்ஃபுட், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு. முடிச்சுப் போடணும், முதலுதவி தெரியணும், தானே அடுப்பு மூட்டிச் சமைக்கணும். இதில் முதல் ரேங்க், கடைசி ரேங்க் கிடையாது. செஞ்சு காட்டினவன் அடுத்த படிக்குப் போவான், முடியாதவன் பழகிட்டு மறுபடி வருவான்.

சிக்கல் வந்தது பெரியவங்க பக்கம்தான். நல்ல மனசு இருந்தது, ஆனா கூடாரத்தில் தூங்கிப் பழக்கமில்லை. சில பேர் வெறும் டிரில்லோடு நிறுத்திக்கிட்டாங்க. அதுக்காக 1919-ல் லண்டன் பக்கத்தில் கில்வெல் பார்க் என்ற இடத்தை வாங்கி, செப்டம்பரில் முதல் பயிற்சி முகாம் நடத்தினாங்க. வளர்ந்த ஆம்பிளைகளை அணி அணியாகப் பிரிச்சு, பசங்க செய்கிற வேலை எல்லாத்தையும் செய்ய வச்சாங்க. தேறினவங்களுக்குத் தோல் கயிற்றில் கோத்த ரெண்டு மரமணி கொடுத்தாங்க. அதுதான் உட் பேட்ஜ். முதல் மணிகள் ஜூலு அரசர் டினிஜுலுவோட மாலையிலிருந்து வந்ததுன்னு பேடன் பவல் சொன்னார். வெள்ளைக்காரனை எதிர்த்து, சிறைப்பட்டு, நாடு கடத்தப்பட்ட அரசர் அவர். இந்தக் கதையையும் சேர்த்துத்தான் அந்த மணியைப் பார்க்கணும்.

நம்ம நாட்டிலும் அதே மாதிரி ஒரு கசப்பு உண்டு. 1909-ல் பெங்களூரில் சாரணர் குழு தொடங்கினப்போ இந்தியப் பசங்களுக்கு அதில் இடமில்லை. முதல் உலகப்போர் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியப் பசங்களுக்குன்னு தனிச் சங்கம் வச்சாங்க. பயிற்சி பேடன் பவல் முறை, தலையில் நம்ம தலைப்பாகை, பாட்டு நம்ம பாட்டு. வடக்கே மாளவியா, குன்ஸ்ரு போன்றவங்க சேவா சமிதி சாரணர் சங்கம் நடத்தினாங்க. விடுதலைக்குப் பிறகு 1950 நவம்பர் 7-ல் தனித்தனிச் சங்கங்கள் சேர்ந்து பாரத சாரணர் இயக்கம் ஆச்சு. மறு வருஷம் பெண்பிள்ளைகள் அமைப்பும் சேர்ந்தது.

இப்போ படிகளுக்கு நம்ம பெயர். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான். சோபான்னா படின்னு அர்த்தம். அதைத் தாண்டினா ஆளுநர் கொடுக்கிற ராஜ்ய புரஸ்கார், அப்புறம் குடியரசுத் தலைவர் விருது. ஆசிரியருக்கும் அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி, நடுவில் சொந்தக் குழுவோடு வேலை, கடைசியில் ஹிமாலயா உட் பேட்ஜ். மத்தியப் பிரதேசத்து பச்மரியில் இதுக்குத் தேசியப் பயிற்சி மையமே இருக்கு.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இது எங்கே முட்டுதுன்னா, பயிற்சி எடுத்த அந்த ஒரு ஆசிரியர் மாறுதலாகிப் போனா குழு அப்படியே படுத்துரும். பாதிப் படி ஏறின பிள்ளை அங்கேயே நிக்கும். ஸ்கார்ஃப் இருக்கும், டென்ட் அடிக்கச் சொல்லித்தர ஆள் இருக்காது. முளைக்குச்சியில் மாட்டைக் கட்டத் தெரியாதவன் முடிச்சுப் பாடம் எடுத்தா கயிறே சிரிக்கும்.

உங்க பிள்ளையை சாரணரில் சேர்க்கும்போது எத்தனை விருது கிடைக்கும்னு கேட்கிறதுக்கு முன்னாடி, சாரண ஆசிரியர் எந்தப் பயிற்சி முடிச்சிருக்கார், அடுத்து யார் பயிற்சிக்குப் போகப்போறாங்கன்னு கேளுங்க. முன்னாள் மாணவர், பெற்றோர் யாராவது போகத் தயாராக இருந்தா பள்ளியில் பேசிப் பாருங்க. ரெண்டு பேர் பயிற்சியோட இருந்தா, ஒருத்தர் மாறுதலாகிப் போனாலும் பசங்க பாதியில் நிக்க வேண்டாம்.