குருமடத்தின் வாயிலும் நான்கு தாள்களும்

திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, படிப்பின் மதிப்பெண் பட்டியல், பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் ஆகிய நான்கும் குருமடத்திலோ இறையியல் கல்லூரியிலோ சேர விழையும் இளைஞர் ஒருவர் முதலில் திரட்ட வேண்டிய தாள்கள். பார்வைக்கு மிக எளியவை. ஓர் உறையில் அடங்கிவிடுபவை. ஆயினும் இவற்றின் பின்னால் நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. யார் விண்ணப்பிக்கலாம், யாரிடம் என்ன கேட்கப்படும், எவர் வாயிலிலேயே நிறுத்தப்படுவார் என்ற வினாக்களுக்குத் திருச்சபை காலந்தோறும் அளித்த விடைகளே இத்தாள்களாக நம் கையில் இருக்கின்றன.

எடுத்துக்காட்டாக மணலூர்பேட்டையைக் கருதுவோம். தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர். தை மாத ஆற்றுத் திருவிழாவின்போது திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர். 2019-ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதன் எல்லைக்குள் வந்தது. கத்தோலிக்க ஆளுகையில் இப்பகுதி புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தது. ஆற்றோடு கிழக்கே சென்றால் திருக்கோவிலூர். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே டென்மார்க்கு நாட்டு லூத்தரன் மறைப்பணியாளர்கள் வந்து தங்கினர். 'டேனிஷ் மிஷன்' என்ற பெயர் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் அவ்வட்டாரத்து மக்களின் நாவில் பழகிப்போனது. ஆகவே இவ்வூரிலிருந்து இறையியல் கற்கப் புறப்படும் ஒருவர்முன் வரலாறு இரண்டு பாதைகளை விரித்து வைத்திருக்கிறது. ஒன்று புதுவை வழியாகச் செல்வது. மற்றொன்று திருக்கோவிலூர் வழியாகச் செல்வது. இரண்டையும் நாம் நடந்து பார்ப்பது நலம்.

முதல் பாதையின் தொடக்கம் திரெந்து பொதுச்சங்கம். அச்சங்கம் 1563-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள், ஒவ்வொரு மறைமாவட்டமும் குருமாணவரைப் பயிற்றுவிக்க இல்லம் ஒன்றை நிறுவ வேண்டுமென ஆணையிட்டது. சேர்க்கைக்குரிய தகுதிகளையும் அதுவே வகுத்தது. குறைந்தது பன்னிரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். முறையான திருமணத்தில் பிறந்திருக்க வேண்டும். போதிய அளவு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். திருப்பணியில் நிலைத்திருப்பான் என்ற நம்பிக்கையை அவன் இயல்பு தரவேண்டும். இவற்றோடு நாம் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு விதியும் உண்டு. ஏழைகளின் புதல்வரையே சிறப்பாகத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று சங்கம் விரும்பியது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளை அது விலக்கவில்லை. அவர்கள் தம் செலவைத் தாமே ஏற்கட்டும் என்றது. குலத்தைப் பற்றி அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த ஆணை நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தபோது இங்கே வேறொரு விதி ஏற்கெனவே எழுதாமல் எழுதப்பட்டிருந்தது. மதுரை மறைப்பணித்தளத்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே உயர்குலத்தாருக்குச் சந்நியாசிகள் என்றும், மற்றவருக்குப் பண்டாரசுவாமிகள் என்றும் குருக்களையே இருவகையாகப் பிரித்துப் பணியாற்றும் நிலை ஏற்பட்டது. போதிப்பவரையே சாதி பிரித்துவிட்ட நாட்டில், போதிக்கக் கற்க வருபவரை அது பிரிக்காமல் விடுமா?

1773-ஆம் ஆண்டு இயேசு சபை கலைக்கப்பட்டபின், கர்நாடக மறைப்பணித்தளம் பாரிசு அந்நிய வேதபோதக சபையாரின் பொறுப்புக்கு மாறியது. புதுவையே அவர்களுடைய மையம். சுதேச குருக்கள் வேண்டும் என்பதே அச்சபையின் அடிப்படை நோக்கம். ஆனால் நோக்கம் நடைமுறையாவதற்குக் காலம் பிடித்தது. ஆயர் பொன்னான் 1844-ஆம் ஆண்டு புதுவையில் கூட்டிய சங்கம் இதில் ஒரு திருப்புமுனை. மக்களின் கல்வியும் சுதேச குருக்களின் பயிற்சியும் இரண்டாந்தரக் காரியங்கள் அல்ல, பணியின் உயிர்நாடியே அவைதாம் என அச்சங்கம் கண்டது. அடுத்த ஆண்டே, 1845 நவம்பரில், உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயமும் இதே கருத்தை வலியுறுத்தி எல்லா மறைப்பணித்தளங்களுக்கும் அறிவுரை விடுத்தது. 1919-இல் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். சுதேச குருக்கள் வெளிநாட்டாருக்கு உதவியாளராக இருப்பதற்கென்று அரைகுறையாகப் பயிற்றப்படலாகாது. தம் மக்களை ஒருநாள் தாமே வழிநடத்தும் அளவுக்கு நிறைவான கல்வி பெறவேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார்.

உயர் இறையியல் கல்விக்கு அக்காலத்தில் கடல் கடக்கவும் வேண்டியிருந்தது. பதின்மூன்றாம் சிங்கராயர் 1893-ஆம் ஆண்டு இலங்கையின் கண்டியில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவினார். இந்தியாவின் மீட்புப் பணியாளர்கள் அதன் சொந்தப் புதல்வர்களாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பெல்ஜிய நாட்டு இயேசு சபையார் அதை நடத்தினர். இந்தியாவின் பல திசைகளிலிருந்தும் மாணவர்கள் மலைநாட்டுக் குளிரில் சென்று கற்றனர். 1955-இல் அக்குருமடம் புனே நகருக்கு இடம் பெயர்ந்தது. இதற்கிடையில் 1934-ஆம் ஆண்டு புதுவையின் பெரிய குருமடம் பெங்களூருக்கு மாறியது. புனித பேதுரு குருமடம் என்று இன்று நாம் அறிவது அதுவே. 1936-இல் பூவிருந்தவல்லியில் திரு இருதயக் குருமடம் எழுந்தது. ஆக, பெண்ணைக்கரை இளைஞனுக்கு வாயில்கள் ஒவ்வொன்றாக அருகே வந்தன.

இனி இரண்டாம் பாதை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716-ஆம் ஆண்டு எட்டு மாணவர்களைக் கொண்டு இறையியல் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கடலூரைச் சேர்ந்த ஆரோன் 1733-ஆம் ஆண்டு அங்கே குருவாக அருட்பொழிவு பெற்றார். இந்தியச் சீர்திருத்த சபைகளின் முதல் சுதேசப் போதகர் அவர். அதே சபையில் இராசநாயக்கன் என்றொருவரும் இருந்தார். தஞ்சைப் படையில் பணிபுரிந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து லூத்தரன் சபை தழுவியவர். உபதேசியாராகப் பல்லாண்டு சிறந்த தொண்டாற்றியவர். அவர் தகுதியை எவரும் மறுக்கவில்லை. எனினும் அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் நற்கருணை பெற உயர்குலக் கிறிஸ்தவர் தயங்குவர் என்ற காரணத்தால் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்படவில்லை. ஆரோனும் இராசநாயக்கனும் ஒரே காலத்தவர், ஒரே சபையின் உபதேசியார்கள். ஒருவருக்கு வாயில் திறந்தது. மற்றவருக்கு மூடியே இருந்தது. இதை அயல்சபையின் குறையாக எண்ணி நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. நம் வீட்டு முற்றத்திலும் இதே முள் முளைத்திருந்தது.

ஆயினும் எதிர்க்குரல் எழாமல் இல்லை. டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரெடரிக்கு 1827-ஆம் ஆண்டு வங்கத்துச் செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமைப் பட்டயம் அளித்தார். அக்கல்லூரியின் 1833-ஆம் ஆண்டு விதிகள், சாதியோ நிறமோ நாடோ எவருடைய சேர்க்கைக்கும் தடையாகலாகாது என்று வெளிப்படையாகவே எழுதின. நம் பகுதியில் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்சு, சாதி வழக்கத்தைச் சபைக்குள் பொறுத்துக்கொள்வதை ஏற்க மறுத்து அதைவிட்டு வெளியேறினார். 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணியே டேனிஷ் மிஷனாக வளர்ந்து திருக்கோவிலூர் வரை வந்தது. அதன் வழிவந்ததே இன்றைய ஆற்காடு லூத்தரன் திருச்சபை. அதன் இளைஞர்கள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தின் குருகுல் கல்லூரிக்கோ, 1969-இல் மதுரை அரசரடியில் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கின்றனர். இவ்விரு கல்லூரிகளும் செராம்பூர் பேரவையின் பட்டங்களுக்கே மாணவரைப் பயிற்றுகின்றன. டேனிய மன்னர் ஒருவர் வங்கத்திற்கு அளித்த பட்டயமும் டேனிய மிஷன் பெண்ணைக்கரையில் ஊன்றிய வித்தும் இவ்வாறு ஒரே விண்ணப்பத்தில் வந்து கூடுகின்றன.

சாதி ஒரு தடை என்றால் மொழி மற்றொரு தடை. கத்தோலிக்கக் குருமடங்களில் இலத்தீன் அறியாதவனுக்கு மெய்யியலும் இல்லை, இறையியலும் இல்லை. ஏர்பிடித்த தந்தையின் மகன் தன் ஊர்த் தமிழைத் தள்ளிவைத்துச் சிறிய குருமடத்தில் பல ஆண்டுகள் இலத்தீன் இலக்கணத்தோடு போராடினான். ஆழ்ந்த பக்தியும் கூரிய அறிவும் இருந்தும் அவ்விலக்கணத்தில் தடுக்கி வீடு திரும்பியவர் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் குருத்துவப் பயிற்சி குறித்து வெளியிட்ட ஆணை, அந்தந்த நாட்டின் நிலைக்கேற்பப் பயிற்சியை வகுத்துக்கொள்ள வழிவிட்டது. அதன்பின் சென்னையில் இயேசு சபையாரின் அருள்கடல் போன்ற மையங்களில் இறையியல் தமிழ் மக்களின் நடுவே, தமிழ் மக்களின் வினாக்களோடு கற்கப்படலாயிற்று.

வாயில் இன்னொரு வகையிலும் அகன்றது. 1979-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட 'சப்பியென்சியா கிறிஸ்தியானா' என்னும் அமைப்புச் சட்டம், திருச்சபையின் உயர்கல்விப் புலங்கள் குருக்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்றது. நன்னடத்தைக்கும் முற்படிப்புக்கும் சான்று தரக்கூடிய குருநிலையினர், பொதுநிலையினர் எவர்க்கும் அவை திறந்திருக்க வேண்டும் என்பது அதன் நெறி. எனவே அருட்சகோதரியர் ஒருவரோ, இல்லறத்திலுள்ள ஆசிரியை ஒருவரோ இன்று இறையியலில் பட்டம் பெற விண்ணப்பிக்கலாம். இச்செய்தி நம் சிற்றூர்ப் பங்குகளை இன்னும் முழுமையாக எட்டவில்லை. இறையியல் என்றாலே அங்கியணிந்த ஆண்மகனின் படிப்பு என்ற எண்ணம் மக்களிடையே இன்றும் வேரூன்றி நிற்கிறது.

சாதியைப் பற்றிய கடன் தீர்ந்துவிட்டதா? 2003-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், சாதியின் பெயரால் கிறிஸ்தவரிடையே நிலவும் பாகுபாட்டை வெளிப்படையாகவே கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. தீர்ந்துவிட்ட நோய்க்கு எவரும் மருந்து எழுதுவதில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதியினரின் உரிமைகள் இல்லை. தலித் என்பதால் ஊரார் தரும் இழிவும் கிறிஸ்தவர் என்பதால் அரசு மறுக்கும் உதவியும் ஒருங்கே சேர, அக்குடும்பத்துப் பிள்ளை பட்டப்படிப்பை எட்டுவதே அரிதாகிறது. பட்டம் இல்லாமல் உயர் இறையியல் வாயிலை அவன் எவ்வாறு அணுகுவான்? ஏழைகளின் புதல்வரைச் சிறப்பாகத் தேர்ந்துகொள்க என்ற திரெந்துச் சங்கத்தின் விதி இங்கேதான் நம்மை நோக்கித் திரும்புகிறது. ஏழை மாணவனின் பள்ளிக் கட்டணத்தில் பங்கு கொள்ளாத பங்கு, குருமாணவர் குறைந்துவிட்டனர் என்று வருந்துவதில் பொருளில்லை.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். திருக்கோவிலூரில் இருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். அடியார் வேடம் பூண்டு, ஏட்டுக் கட்டில் வாளை மறைத்து வந்தான் பகைவன் முத்தநாதன். நாயனார் அவ்வேடத்தையே மெய்யெனப் போற்றினார், உயிரும் கொடுத்தார். அது அடியாரின் பெருமை. ஆனால் மக்களின் ஆன்மாக்களை ஒருவர் கையில் ஒப்படைக்கும் திருச்சபை அவ்வாறு வேடத்தை மட்டும் நம்பிவிட இயலாது. ஆகவேதான் அது பங்குத்தந்தையைக் கேட்கிறது, ஊராரைக் கேட்கிறது, ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறது. விண்ணப்பத்திற்கு உடனே விடை வரவில்லை என்று கலங்கும் இளைஞர் இதை உணர வேண்டும். அதேபோல், கடிதம் எழுதும் கையும் தன்னைத்தான் ஆராய வேண்டும். நற்சான்று எழுதுமுன் அவன் எத்தெருவிலிருந்து வருகிறான் என்று நினைவுகூரும் கை, இராசநாயக்கனை நிறுத்திய அதே கை.

திருச்சபைச் சட்டத்தில் அழகிய ஒழுங்கு ஒன்று உண்டு. ஒருவர் அருட்பொழிவு பெற்றதும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்படுகிறது. அங்குள்ள பழைய திருமுழுக்குப் பதிவேட்டில், குழந்தையாக அவர் பெயர் எழுதப்பட்ட அதே வரியின் ஓரத்தில், அது குறிக்கப்படுகிறது. விண்ணப்பத்தோடு புறப்பட்ட முதல் தாள் எந்த ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டதோ, அந்த ஏட்டுக்கே விடையும் வந்து சேர்கிறது. நம் பங்குகளின் பதிவேடுகளில் எல்லாத் தெருக்களின் பிள்ளைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, வரிசை மாறாமல் எழுதப்பட்டுள்ளனர். அப்பக்கங்களின் ஓரங்களில் இன்னும் ஏராளமான வெற்றிடம் இருக்கிறது.