குதிரைகளில் தொடங்கிய தடம்

செஞ்சியில் குதிரை என்று சொன்னால் தேசிங்கு ராஜாவின் குதிரைதான். 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி அவர் மாண்டதைத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஹாம் ரேடியோவுக்கு, அதாவது அமெச்சூர் வானொலிக்கு, வந்த பிறகு எனக்கு வேறு சில குதிரைகளும் நெருக்கமாகிவிட்டன.

1984-ல் அமெரிக்காவில் 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்று நடந்தது. எந்தக் குதிரை எங்கே வருகிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை ரேடியோ வழியாக வாங்கி, விக்-20 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்க ஏற்பாடு செய்தார் பாப் புரூனிங்கா. அந்நாட்டுக் கடற்படைக் கல்லூரியில் வேலை பார்த்த பொறியாளர். லைசென்ஸ் வாங்கிய ஹாம். வண்டிகளின் இருப்பிடத்தைச் சொல்லும் ஏ.பி.ஆர்.எஸ். முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. 90-களில் ஜி.பி.எஸ். விலை இறங்கியதும் இருப்பிடத்தை மனிதர் பார்த்துச் சொல்லும் வேலை குறைந்தது. ஜி.பி.எஸ்.ஸில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நீக்கியது. அதன் பிறகு கார் எந்தத் தெருவில் நிற்கிறது என்பது வரை தெரிந்தது. புரூனிங்கா 2022-ல் காலமானார்.

காரில் மூன்று சாமான் போதும்: ஜி.பி.எஸ்., இரண்டு மீட்டர் பேண்ட் ரேடியோ, இருப்பிட எண்களை ஒலியாக்கும் ஒரு சிறு பெட்டி. வினாடிக்கு 1200 பிட் வேகம். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், ஒரு வினாடிகூட ஆகாது, தகவல் போய்விடும். ஹாமின் அடையாளப் பெயரான கால்சைனுக்குப் பின்னால் 9 இருந்தால் கார், 7 இருந்தால் கையில் பிடிக்கும் செட். தூரம் அதிகமானால் நடுவில் இருக்கும் டிஜிபீட்டர் கேட்டு, திரும்பச் சொல்லும். சிம் வேண்டாம், செல்போன் டவர் வேண்டாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, சங்கேதமாக அனுப்பக்கூடாது என்பது லைசென்ஸ் விதி. நல்ல விதி என்பேன். அதனால்தான் இந்த அலைவரிசை இன்னும் பொதுச்சொத்தாக இருக்கிறது.

இந்த ரேடியோ அலை கண்பார்வை போலத்தான் போகும், மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். திண்டிவனம் பக்கமிருந்து வரும் நண்பரின் காரை என் வீட்டு மாடி ஆன்டெனா நன்றாகக் கேட்கும். திருவண்ணாமலைச் சாலையில் அவர் செஞ்சிக் கோட்டையைத் தாண்டியதும் தகவல் அறுந்துவிடும். கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரி 800 அடிப் பாறை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படையை மராட்டிய மன்னர் ராஜாராம் தாக்குப்பிடித்தது இந்த மலைகளை நம்பித்தான். ராஜகிரி உச்சியில் கைசெட்டோடு நின்றால் மலைக்கு இரண்டு பக்கமும் எனக்குத் திறந்துவிடுகிறது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டையில் கம்பம் நடச் சொல்லவில்லை. டிஜிபீட்டர் வைக்க மேற்குப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூட மாடி கிடைத்தாலே நிலைமை மாறும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பக்கத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. நிவாரண வண்டி எந்தத் தரைப்பாலத்தில் மாட்டியிருக்கிறது என்று கேட்க வழியில்லாமல் நின்றோம். 2019 முதல் புதிய பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட கண்காணிப்புக் கருவியும் சிம் கார்டை நம்பியதுதான். டவர் படுத்தால் அதுவும் படுக்கும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவும் ஹாம் ரேடியோவில்தான் அந்தமான் செய்திகளை வெளியுலகுக்குச் சேர்த்தார்கள். அது வாய்ப்பேச்சு. அதே ரேடியோவோடு ஒரு ஜி.பி.எஸ். சேர்ந்தால், டிரைவர் வாய் திறக்காமலே வண்டி எங்கே என்று தெரியும்.

நம் நாட்டில் 12 வயது நிரம்பினால் ஹாம் லைசென்ஸ் தேர்வு எழுதலாம். செஞ்சி, மேல்மலையனூர் பள்ளி ஆசிரியர்களே, அடுத்த புயலுக்கு முன் உங்கள் மாணவர்களில் நாலு பேரையாவது அந்தத் தேர்வுக்கு உட்கார வையுங்கள். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.