நூலகர் பணிப் பயிற்சி

பணியில் இருக்கும் நூலகர்கள் தம் தொழிலறிவை வளர்த்துக்கொள்ள உதவும் படிப்புகள், பயிலரங்குகள், மாநாடுகள் ஆகியவற்றின் பொதுப்பெயர். தமிழகத்தில் இதன் வரலாறு சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனிடம் தொடங்குகிறது.

கணிதம் கற்பித்துவந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அத்துறையில் பயிற்சி பெற்றிருக்கவில்லை. லண்டன் சென்று பெர்விக் சேயர்ஸிடம் பயின்றார். பல நூலகங்களை நேரில் பார்த்தார். தமக்குக் கிடைத்த வாய்ப்பு பிறருக்கும் கிடைக்க அவர் உழைத்ததே இவ்வரலாற்றின் சிறந்த பகுதி. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் மறு ஆண்டே பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1956இல், நூலகவியல் பேராசிரியர் பதவிக்கென்றே தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை அப்பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார்.

இன்று கல்லூரி நூலகர்களின் பதவி உயர்வுக்கான தகுதிகளில் ஒன்றாகப் புத்தாக்கப் பயிற்சியைப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருக்கிறது. பொது நூலகங்கள் அக்குழுவின் வரம்புக்குள் வருவதில்லை. ஒற்றை ஆளாக நூல் வழங்கி, பட்டியலிட்டு, வாசகருக்கு வழிகாட்டும் ஊர்ப்புற நூலகருக்குத்தான் இத்தகைய பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுகிறது.

மின்னிதழ்கள், நூலக மென்பொருள் ஆகியவற்றில் காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் பயிற்சி தருகிறது.