பிம்ப்ரி பெற்ற மருந்து

பழவேற்காடு ஏரியில் கையாலேயே துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? வாயில் கடித்த பனையோலைப் பறி, இடுப்பளவு தண்ணீர், மணிக்கணக்கில் வேலை. ஈரத்தில் ஊறிய விரலிடுக்குகளில் வருகிறது சேற்றுப்புண். பெரும்பாலும் பூஞ்சையின் வேலை. சிலருக்கு ‘கேண்டிடா’ என்கிற ஈஸ்ட்.

பென்சிலின் பாக்டீரியாவைத்தான் கொல்லும். பூஞ்சையிடம் அதன் பாச்சா பலிக்காது. (பின்னே, பென்சிலினே பூஞ்சை பெற்ற பிள்ளையாச்சே!) 1950-ல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்கள் பூஞ்சைக்கென்றே ஒரு மருந்தை மண்ணின் நுண்ணுயிரியிலிருந்து எடுத்தார்கள். நியூயார்க் ஸ்டேட் ஊழியர்கள் என்பதால், பெயர் ‘நிஸ்டாட்டின்’.

நம் நாட்டிலும் இது நடந்தது. புனே பக்கத்தில் பிம்ப்ரி. அங்கே அரசு 1954-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸில், எம்.ஜே.திருமலாச்சார் குழு 1961-ல் கேண்டிடாவை அடக்கும் ‘ஹாமைசின்’ கண்டது. ‘ஹா’ கம்பெனியின் இனிஷியல்! மருந்தைத் தந்த நுண்ணுயிரிக்கோ ஊர்ப் பெயர்: ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா. அடுத்து, பயிரைத் தாக்கும் பூஞ்சைக்கு ‘ஆரியோஃபங்கின்’.

இனி கணக்குக்கு வருவோம். நிஸ்டாட்டின் ராயல்டி 1.3 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பெண்கள் அதை ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். ஹாமைசினைப் பெற்ற கம்பெனி நொடித்துப் போனது. 2016 டிசம்பரில், அதன் உபரி நிலத்தை விற்றுக் கடனை அடைக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.