நெய்வேலியின் வெல்ஃபேர் ஆபீசர்

1957 மே 20 அன்று நெய்வேலியின் முதல் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். மேல்மண்ணை வெட்டி வாரிப்போட ஜெர்மன் இயந்திரங்கள் வந்தன. அனல் மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. தொழிலாளியின் குறை கேட்க வந்த வெல்ஃபேர் ஆபீசரின் படிப்போ அமெரிக்க வழி வந்தது. 1936-இல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் ஆதரவில் நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கி நடத்தியவர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. சென்னைக்கு அப்படியொரு பள்ளி 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் வந்தது.

அந்தப் படிப்புக்கு வேலை கொடுத்தது சட்டம். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம். 1955-ஆம் ஆண்டு சுரங்க விதிகளும் அதையே சொல்லின.

அந்த வேலைக்குத் தயாராகும் சமூகப்பணி மாணவருக்கு வகுப்பைவிடக் களப்பணிதான் உரைகல். அங்கே அவருக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள்: கல்லூரி ஆசிரியர் ஒருவர், நிறுவன அதிகாரி ஒருவர். ஊர் அமைதியாக இருக்கும்போது இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் ஓடும். வாயிலில் கொடி கட்டிப் போராட்டம் நடக்கும்போது, மாணவருக்குப் பாடம் சொல்லும் அதிகாரியே தகராறில் ஒரு தரப்பாகிவிடுகிறார். எதிர்த்தரப்பின் நியாயத்தை எழுதும் மாணவர் தன் அறிக்கையை அவரிடமே கையெழுத்துக்கு நீட்ட வேண்டும்.

நெய்வேலியில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2010-லும் 2012-லும் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2014 மார்ச்சில் சுரங்க வாயிலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் சுட்டதில் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் இறந்தார். ‘கேட்’ என்ற பொறியியல் தேர்வின் மதிப்பெண் வழியே நெய்வேலி நிறுவனம் 299 பொறியாளர்களைப் பயிற்சிக்கு எடுத்தபோது, தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இடமில்லையா என்று 2022-இல் கட்சிகள் கொதித்தன.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்தாரின் கதை வேறு. அவர்கள் சம்பளப் பட்டியலில் இல்லாததால், நல அலுவலருக்கான 500 பேர் என்ற சட்டக் கணக்கிலும் வரவில்லை. 2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. இரண்டு நாளில் நிறுவன வாயிலில் பாமக முற்றுகை. கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, கைது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரும்படி நீதிமன்றம் சொன்னது.